அடைக்கோழி எழுந்த சேதி

யார் எங்கே போகிறார்கள், எதை விசாரிக்கிறார்கள் என்று பார்த்தே, வரப்போகிற நோயைச் சொல்லிவிடும் காக்கை ஒன்று இருந்தது. ஒருநாள் அது வேலியில் வந்து உட்கார்ந்து, "கழிச்சல் நோய் வருது, எல்லாரும் தோப்புக்குக் கிளம்புங்க" என்றது. கோழிக் கூட்டமே கிளம்பியது.

செவலைக்கோழி மட்டும் அடையில் இருந்தது. அது எழுந்து போனால் முட்டை ஆறிக் கூமுட்டையாகிவிடும்.

"யாருக்குடா கழிச்சல் வந்திருக்கு?" என்று கேட்டது.

"இன்னும் யாருக்கும் வரலை அக்கா. காலையில வாத்து மட்டும்தான் மருந்து கேட்டுச்சு. நான் சொன்னப்புறம் பாரு, வான்கோழி, கின்னிக்கோழி எல்லாம் கேட்குது. கூட்டமே ஓடுது."

"நீ கத்தினதாலதானேடா ஓடுது?"

"எதனால ஓடினா என்ன? ஓடுதா இல்லையா? இப்ப நீயும்தான் கழிச்சலைப் பத்தி விசாரிக்கிற."

செவலைக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்துபோய்க் காக்கையை வேலிக்கு அப்பால் விரட்டிவிட்டு, ஓடோடி வந்து முட்டைகளின்மேல் உட்கார்ந்தது. நல்லவேளை, சூடு இன்னும் இருந்தது.

அடுத்த கொல்லையிலும் ஒரு கோழி அடையில் இருந்தது. காக்கை அதனிடம் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது:

"நிலைமை ரொம்ப மோசம் தங்கச்சி. அடைக்கோழியே எழுந்து ஓட ஆரம்பிச்சிடுச்சு."