மேல்முறையீடும் மிடுக்கு நடையும்

தன்மானமே ஆண்மகனின் முதுகெலும்பு என்பது வேலை போன பஸ் கண்டக்டரின் கொள்கை. அந்த முதுகெலும்புக்கும் சேர்த்துச் சோறு போட்டது மனைவியின் தையல் மெஷின்தான்.

மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கான மேல்முறையீட்டு அறை வாசலில் அவள் கெஞ்சினாள்.

"இதுதாங்க கடைசி வாய்ப்பு. உள்ளே போனதும் சுவரைப் பிடிச்சு நடங்க. மாடிப்படி ஏற முடியலைன்னு சொல்லுங்க."

"என்னை நடிக்கச் சொல்றியா?"

"போன தடவை புது மாப்பிள்ளை மாதிரி நடந்து காட்டித்தானே தள்ளுபடி பண்ணாங்க? விண்ணப்பத்துல 'லேசான கால் தொந்தரவு'ன்னு எழுதினது யாரு, நானா?"

கண்டக்டர் மீசையை நீவிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி உள்ளே போய் உட்கார்ந்தார். அவளும் பின்னாலேயே போய் நின்றாள்.

போன தடவை பார்த்த அதே டாக்டர்தான். "மறுபடியும் நீங்களா? நடக்கறதுல அப்படி என்னதான் கஷ்டம்?"

"கஷ்டமா? இந்த மேசையைச் சுத்தி ஓடிக் காட்டட்டுமா சார்?"

"அப்புறம் எதுக்குய்யா எங்க உயிரை வாங்கறீங்க? யாரை ஏமாத்தப் பார்க்கறீங்க?"

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. குனிந்து கணவரின் பேன்ட்டைச் சுருட்டினாள். வாரை அவிழ்த்தாள். முழங்காலுக்குக் கீழே இருந்த செயற்கைக் காலை ஷூவோடு கழற்றி, டாக்டரின் மேசைமேல் வைத்தாள்.

"இதாங்க சார் அந்த லேசான தொந்தரவு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை உற்றுப் பார்த்தார். போன தடவை அதே காலைத்தான் அவர் தட்டிப் பார்த்து, "இந்த வயசுல இவ்வளவு உறுதியான காலை நான் பார்த்ததே இல்லை" என்று பாராட்டியிருந்தார்.