சாரி சொல்லாதவள்

வேலை நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து, "உடனே கிளம்பி வாங்க" என்று போன் வந்தால் எந்த அம்மாவுக்குக் கை ஓடும், கால் ஓடும், நீங்களே சொல்லுங்கள்?

அந்தத் தையல்காரிக்கும் ஓடவில்லை. தையல் கடையில் ஒரு சட்டையின் இரண்டு கைகளையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைக்கப் போனாள். கடைக்கார அக்கா ஒரு சத்தம் போட்டாள்.

"ஏய், அதை யாரு போடுறது? முதல்ல நீ ஸ்கூலுக்குப் போ!"

கழுத்தில் தொங்கிய டேப்போடு ஓடினாள்.

"என்ன ஆச்சு மிஸ்? என் பொண்ணுக்கு அடி கிடி பட்டுடுச்சா?"

"உங்க பொண்ணுக்கா? அவளுக்கென்ன, கல்லு மாதிரி நிக்கிறா. அங்க பாருங்க!" என்றார் தலைமையாசிரியை. பிள்ளைகளுக்கு அவர் பெரிய மிஸ்.

நாற்காலியில் ஒரு பையன். நெற்றியில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. வெள்ளைச் சட்டைக் காலரில் ரத்தம். அவனை அணைத்துக்கொண்டு அவனுடைய அம்மா.

"பொண்ணா பெத்து வச்சிருக்கே? இரும்பு வாட்டர் பாட்டிலால அடிச்சிருக்கா! கொஞ்சம் கீழே பட்டிருந்தா என் பிள்ளைக்குக் கண்ணே போயிருக்கும்!"

சுவரோரம் மகள் நின்றாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். தூக்கத்தில்கூடப் பேசுகிறவள் இன்றைக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்டி அடிச்சே?"

மகள் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

"கேக்கிறேன்ல?" முதுகில் ஒன்று வைத்தாள் அம்மா.

"நாங்களும் கேட்டு அலுத்துட்டோம்," என்றார் வகுப்பு மிஸ். "ஒரு சாரிகூட வரலை. இந்தப் பையன் கிளாஸ்ல இருக்கிறதே தெரியாது. அவ்வளவு சாது. அவனைப் போயி..."

"ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுதானே மிஸ்? வீட்டுக்கு வந்தா இவன் பேச்சைத்தானே பேசுவா?" என்றாள் தையல்காரி.

"அந்தக் கதையெல்லாம் வேணாம்மா," என்றார் பெரிய மிஸ். "கை நீட்டுற பிள்ளைக்கு என் ஸ்கூல்ல இடம் கிடையாது. நாளைக்கு வந்து டி.சி. வாங்கிக்கங்க."

"மிஸ், மிஸ், இந்த ஒரு தடவை மன்னிச்சிடுங்க. பாதி வருஷத்துல எந்த ஸ்கூல்ல சேர்த்துக்குவாங்க? அக்கா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா!"

பையனின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சாரி சொல்லித் தொலையேன்டி!"

"மாட்டேன்."

அப்போது பையன் மெதுவாக வாயைத் திறந்தான்.

"மிஸ்... அவளை அனுப்பாதீங்க மிஸ். அவ வந்து..."

"பாத்தீங்களா? அடி வாங்கினவனுக்கு இருக்கிற இரக்கத்தைப் பாத்தீங்களா?" என்று உருகிப்போனார் பெரிய மிஸ். "நீ பேசாம இருடா கண்ணா. நாங்க பாத்துக்கிறோம்."

"பேசாம இருன்னு சொல்லாதீங்க!"

வாயாடி போட்ட சத்தத்தில் வாசலில் இருந்த ஆயா எட்டிப் பார்த்தாள்.

"அவனைப் பேச விடுவீங்கன்னுதான் அடிச்சேன். அவன்தான் அடிக்கச் சொன்னான்!"

"பொய்யப் பாரு! தன்னை அடின்னு எந்தப் பிள்ளையாவது சொல்லுமா?" என்றாள் பையனின் அம்மா.

பையன் அம்மாவின் கையை விட்டான். ஆமாம் என்று தலையாட்டினான்.

"பாத்ரூம்ல பெரிய கிளாஸ் அண்ணனுங்க தினமும் இவன் தலையப் பிடிச்சு பக்கெட் தண்ணிக்குள்ள அமுக்குறாங்க. மூச்சு முட்டினா சிரிக்கிறாங்க. இவன் மிஸ்கிட்ட சொன்னான். 'எங்கே, அடிபட்ட இடத்தைக் காட்டு'ன்னாங்க. தண்ணியில அமுக்கினா எதைக் காட்டுறது? கோள் சொல்றியான்னு பெஞ்சு மேல ஏத்தி விட்டுட்டாங்க."

வகுப்பு மிஸ் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"தினமும் ஈரச் சட்டையோடதான் வருவான்," என்றாள் பையனின் அம்மா, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல். "தண்ணியில ஆடிட்டு வர்றான்னு நானும் ஸ்கேலால..."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி!" என்றாள் வாயாடியின் அம்மா.

"சொன்னேனேம்மா. நீ மெஷினை மிதிச்சுக்கிட்டே, 'அடுத்த வீட்டு வம்பு நமக்கெதுக்கு'ன்னே."

தையல்காரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யார் நாற்காலி என்றுகூடப் பார்க்கவில்லை.

வாயாடி இப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

"நேத்து இவன், 'இனிமே நான் எங்கேயுமே இருக்க மாட்டேன்'னு சொன்னான் மிஸ். ஸ்கூலுக்கு வர மாட்டியான்னு கேட்டேன். 'எங்கேயுமே'ன்னான். எனக்குப் பயமாயிடுச்சு. அப்படிச் சொல்லாதேடா, வேற என்ன வேணா செய்றேன்னேன். சுவத்துல தானே முட்டிக்கப் பாத்திருக்கான், முடியலையாம். 'ரத்தம் வந்தாத்தான் கேப்பாங்க, நீ அடி'ன்னான். அடிச்சேன். ஆனா காலையில இருந்து என்னைத்தான் எல்லாரும் கேக்கிறீங்க. அவனை யாருமே கேக்கலை."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நண்பனின் பக்கத்தில் போய் நின்றாள். நெற்றிக் கட்டைத் தொடாமல் விரலை நீட்டிக் காட்டினாள்.

"இதோ, அடிபட்ட இடம். இப்பவாவது அவன் சொல்றதைக் கேளுங்க மிஸ்."