காயாத பலகை

"கிரீச்!"

மாடிப்படியின் உச்சிப் பலகையில் கால் வைத்ததுமே அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பழைய வீட்டை வாங்கி, ஆறு மாதமாக இழைத்து இழைத்துப் புதுசாக்கியாயிற்று. மரக்கடையில் ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் வாங்குவார் கணவர். அந்த மனிதருக்கு இந்தச் சத்தம் மட்டும் காதில் விழவில்லையாம்!

அவர் வெளியே போன நேரம் பார்த்துத் தச்சரைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை இன்னைக்கே சரி பண்ணிடுங்க. கனவுல கூட இதே சத்தம்தான். ஏதோ ஏரிக்கரையில நடந்து போயிட்டே இருக்கேன். தண்ணிகிட்ட போனதும் ஒரு பறவை இப்படித்தான் கத்துது. உடனே யாரோ கையைப் பிடிச்சு, மெதுவா திருப்பிக் கூட்டிட்டு வர்றாங்க."

தச்சர் உளியைக் கீழே வைத்தார்.

"இதை நான் தொட மாட்டேம்மா. ரெண்டு தடவை இறுக்கினேன், ஐயாதான் ஆணியைத் தளர்த்திட்டாரு. இந்தப் படிக்கு மட்டும் காயாத மரமாத் தேடி வாங்கினதும் அவருதான். காய்ஞ்சு சுருங்கினா நல்லா சத்தம் போடும்ல?"

"எதுக்காம்?"

"சொல்லக் கூடாதுன்னாரு..." தலையைச் சொறிந்தார். "நீங்க தூக்கத்துல எழுந்து நடக்கறீங்களாம். படியில இறங்கறதுக்குள்ள அவரு முழிச்சுக்கணுமாம்."

அவள் பலகையை மெல்ல மிதித்துப் பார்த்தாள். பறவை கத்தியது.

"இன்னும் கொஞ்சம் தளர்த்திடுங்க," என்றாள். "அவருக்குக் காது மந்தமாயிட்டு வருது."