சொல்லக்கூடாத பெயர்

அடி பருத்த போவாப் மரத்து நிழலில் ரோண்டா ஒரு சீப்பையும் தீப்பெட்டியையும் தகரக் குவளையையும் துணியில் பரப்புகிறாள். எங்கள் பழங்குடி ஜனத்திலேயே பிறந்த செவிலி அவள். பெரியவர்களின் ஞாபகத்தை எங்கள் பாஷையிலேயே சோதிக்கிறாள். "பெரியப்பா, இது எதுக்கு?" என்று சீப்பை நீட்டுகிறாள். "உன் பரட்டைத் தலைக்குத்தான்," என்கிறார் முதியவர் டூகல். சுற்றி உட்கார்ந்திருக்கும் நாங்கள் சிரிக்கிறோம். அவர் மகள் பெர்னடெட்டின் முகம்கூடத் தெளிகிறது. குவளையைக் கண்டதும் டூகல் எழுந்து, வெயிலில் தகிக்கும் செம்மண் பாதையைப் பார்த்து, போன மழைக்காலத்தில் இறந்த தம்பியைப் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிடுகிறார். "வாடா, டீ ஆறுது!" செத்தவர் பெயரை நாங்கள் வாயால் சொல்வதில்லை. அடக்கம் செய்த அன்று அதை ஊருக்கே நினைவூட்டி அதட்டியவர் இவர்தான். சிரிப்பு நின்றுவிடுகிறது. "வேணாம்ப்பா…" பெர்னடெட் பாவாடை நுனியால் முகத்தை மூடிக்கொள்கிறாள். ரோண்டா தன் கால்விரல்களையே பார்த்திருக்கிறாள். டூகல் எங்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறார். "ஏன், நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா?" நாங்கள் தலை குனிகிறோம். குனிந்த தலைகளுக்கு நடுவே, எதற்கென்று தெரியாமலே, அவரும் மெல்லத் தலையைக் குனிந்துகொள்கிறார்.