வருகை தந்திருக்கும் நுரை

கள்ளக்குறிச்சிக் கல்லூரி ஆய்வகத்தில், கண்ணாடிக் குழாய்க்குள் இறுக்கிய, நுண்துளைகள் நிறைந்த கல்லின் வழியே சோப்பு நுரை ஊர்கிறது. கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடும் என்கிறது தனுஷா கணினியில் போட்ட கணக்கு. வராவிட்டால் அவளுடைய முனைவர் பட்டம் இன்னோர் ஆண்டு தள்ளிப்போகும். "சாயங்காலம்வரை வராது" என்று அடித்துச் சொன்ன துறைத்தலைவர் தீனதயாளன், கால் மணி ஆகப்போகும் இப்போதும் சோதனையைப் பார்க்க வந்த விருந்தினர்களை மைக்கில் "அவர்களே, அவர்களே" என்று ஒவ்வொருவராக விளித்துக்கொண்டிருக்கிறார். "ஏண்டி பயப்படுற? இவரு பேசி முடிக்கிறதுக்குள்ள கல்லே கரைஞ்சிடும்," என்கிறாள் தோழி கவியா. "சும்மா இருடி, வந்துகினு இருக்குது!" ஜன்னல் வெயிலில் குழாயின் வாய் மினுங்குகிறது. முதலில் ஒரு குமிழ். பிறகு கொத்துக்கொத்தாக நுரை வழிந்து, மேசை விளிம்பைத் தாண்டி, தீனதயாளனின் பளபளக்கும் ஷூவில் இறங்குகிறது. தனுஷா துள்ளுகிறாள். ஆய்வகமே கைதட்டுகிறது. குனிந்து பார்த்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் கைகூப்புகிறார்: "வருகை தந்திருக்கும் நுரை அவர்களே!"