கம்பித்தாயின் மகள்

குரங்குக்குட்டி மறுபடியும் தாயிடமே போனது.

மார்த்தா அதன் கழுத்தைப் பிடித்து முகத்தைத் தரையில் வைத்துத் தேய்த்தாள். பிறகு ஒரே தள்ளு. குட்டி உருண்டது, எழுந்தது, சுற்றிக்கொண்டு வந்து அவள் முதுகிலேயே தொற்றிக்கொண்டது.

கூண்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் வெர்னா பென்சிலை அழுத்தியதில் முனை ஒடிந்தது.

"பெத்தவளாடி நீ? பேய்!"

"இங்கிலீஷ்ல திட்டினா அவளுக்கு எப்படிப் புரியும்?" என்றான் கர்ட். ஆராய்ச்சி மாணவன். வாய் நிறைய டோனட்.

மார்த்தாவைச் சொல்லிக் குற்றமில்லை. பிறந்த அன்றைக்கே அவளைத் தாய்க்குரங்கிடமிருந்து பிடுங்கி, பால்புட்டி செருகிய ஒரு கம்பிப் பொம்மையைக் காட்டி, இதுதான் உன் அம்மா என்று விட்டவர்கள் இந்தப் பல்கலைக்கழகத்து அறிவாளிகள்தாம். தாய்மடி தெரியாமல் வளர்ந்தவள் பிள்ளை பெற்றால் என்ன செய்வாள் என்று பார்க்க அவர்களுக்கு ஆசை. பார்த்தாயிற்று. இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

"பாவம், அவளை யாரு மடியில வெச்சுக் கொஞ்சினா? அவளுக்கு என்ன தெரியும்?" என்றான் கர்ட்.

"என்னையுந்தான் எங்கம்மா தூக்கினதே இல்ல. அதுக்காக நான் என்ன..."

மீதியைச் சொல்லாமல் வெர்னா பென்சில் சீவ எழுந்துபோனாள்.

அன்று காலையில்தான் மார்த்தா குட்டியின் விரலைக் கடித்திருந்தாள். நுனியைக் காணோம். அடுத்து என்ன நடக்கும் என்று வெர்னாவுக்குத் தெரியும். போன வருஷம் பக்கத்துக் கூண்டில் நடந்ததை அவள்தான் கழுவிவிட்டாள்.

நேரே பேராசிரியரின் அறைக்குப் போனாள்.

"குட்டியை இன்னைக்கே பிரிச்சிடணும் சார். இல்லேன்னா கொன்னுடுவா."

அவர் பைப்பில் புகையிலையை அடைத்துக்கொண்டே சொன்னார்: "எவ்வளவு அடிச்சாலும் அவகிட்டதானே போகுது? அதைத்தானேம்மா நாம பாக்கணும்."

வெர்னா நகரவில்லை. அதிர்ந்து பேசாதவள் என்று அந்தக் கட்டடத்தில் பெயரெடுத்தவள், அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. செத்த குட்டியை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியும் பண்ண முடியாது. சரி, பிரித்துவிடு என்றார்.

கர்ட் மார்த்தாவை வலையைப் போட்டு அமுக்கிக்கொண்டான். வெர்னா தோலுறை மாட்டிய கைகளை உள்ளே நீட்டினாள். குட்டி தாவி வந்து தன் மார்போடு ஒட்டிக்கொள்ளும் என்றுதான் நினைத்தாள்.

வரவில்லை. மார்த்தாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெர்னாவைப் பார்த்து வீறிட்டது. ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. கடிபட்ட விரலும் விடமாட்டேன் என்றது.

"யாரு வேணும்னு அழுவுது பாருங்க! வாங்கினது போதலபோல," என்றான் கர்ட்.

"அதுக்கு வேற யாருடா இருக்கா?"

குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். புட்டியைச் சூடுபடுத்தித் தந்தாள். வெகுநேரம் கழித்து அதன் நடுக்கம் நின்றது. அதற்குப் பிறகு அவள் வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டு முனகிக்கொண்டிருந்தாள். ஒரு உயிரைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்ட சந்தோஷம். அதில் பொய் ஒன்றுமில்லை.

நாலரை மணிக்கே வெளியே வெளிச்சம் மங்கிவிட்டது. பக்கத்து வீட்டு திருமதி ஓல்சன் வழக்கம்போல வெர்னாவின் மகளை ஆய்வக வாசலில் இறக்கிவிட்டுக் காரைத் திருப்பினாள்.

கரினுக்கு ஐந்து வயது. பனி ஒட்டிய பூட்ஸோடு தடதடவென்று படியேறி வந்தாள். கர்ட் அவளுக்கென்று எடுத்துவைத்திருந்த டோனட்டை நீட்டினான். அவள் அதைப் பார்க்கவே இல்லை. நேரே ஓடிப்போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அடேயப்பா! அம்மான்னா உசுருதான் இவளுக்கு," என்றான் கர்ட். "கொடுத்துவெச்சவங்க நீங்க."

வெர்னா சிரித்தாள். ஓடி வந்ததில் குழந்தையின் கம்பளித் தொப்பி காதுக்கு மேலே ஏறியிருந்தது. அதைச் சரிசெய்யக் கையைத் தூக்கினாள்.

கரின் கண்களை இறுக மூடிக்கொண்டாள். தலையைத் தோள்களுக்குள் இழுத்துக்கொண்டாள்.

பிடியை மட்டும் விடவில்லை. இன்னும் இறுக்கினாள்.

வெர்னாவின் கை அந்தரத்திலேயே நின்றது. அது எப்படிப்பட்ட கை என்று அந்தக் குழந்தைக்கு நன்றாகத் தெரியும். ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள வேறு இடமில்லை என்பதும் தெரியும்.

"தொப்பிடா கண்ணு," என்றாள் வெர்னா. "தொப்பியைத்தான் சரி பண்றேன்."

கரின் கண்களைத் திறக்கவில்லை.

கர்ட் குழந்தையைப் பார்த்தான். அந்தக் கையைப் பார்த்தான். வெர்னாவைப் பார்த்தான். பார்ப்பதுதான் அவன் படிப்பு. அதற்குத்தான் அவனுக்கு உதவித்தொகை.

டோனட்டைத் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினான்.

"ரோட்டுல ஐஸ் கட்டியிருக்கு. பாத்துப் போங்க," என்று சொல்லி, அம்மாவும் மகளும் வெளியே போவதற்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.