வாய் உள்ளே திரும்பிய மூட்டைகள்

பிடரி கல்லாய்க் கனத்தது கணக்குப் பெண்ணுக்கு. புது மென்பொருளுக்கு மாறும் முன் பழைய கணக்குகளிலுள்ள பிழைகளை நீக்க வேண்டும். கடைசியாக மிஞ்சியது அவள் அப்பாவின் கூலிக் கணக்கு. இதே கம்பெனியில் சுமை இறக்கிய அவர், குடோனில் மூட்டை சரிந்து இறந்து எட்டு வருடமாகிறது. ஆனால் பாக்கி மட்டும் நாள்தோறும் ஏறிக்கொண்டே வந்திருந்தது.

"செத்தவருக்கு ஏதும்மா கூலி? இன்னைக்கே அழிச்சிரு. இல்லேன்னா உன் சீட்டு கிழிஞ்சிரும்" என்றார் மேனேஜர்.

அவள் நேரே குடோனுக்குப் போனாள். "மாமா, அப்பா பேர்ல யாரு கூலி ஏத்துறது?"

குடோன்காரர் தலையைச் சொறிந்தார். "நான்தான் கண்ணு. காலையில கதவைத் தொறந்தா, முந்தின நாள் வந்த லோடு இறங்கி அடுக்கியிருக்கு. இறக்குனவர் பேர்லதானே எழுதணும்?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா எனக்குக் கிறுக்குன்னு சொல்லமாட்டியா? நீயே பாரு, யாரு கைன்னு."

மூட்டைகள் கூரை வரை நின்றன. எல்லா மூட்டையின் வாயும் உள்பக்கம் திரும்பியிருந்தது. ஒவ்வொரு ஐந்தாவது வரிசையும் குறுக்கே போட்டிருந்தது. அப்படி அடுக்க அப்பா ஒருவருக்குத்தான் வரும். அவள் ஒரு மூட்டையில் கை வைத்தாள். இப்போதுதான் ஒரு முதுகை விட்டு இறங்கியதுபோல அது வெதுவெதுப்பாக, வியர்வை ஈரத்தோடு இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

பிறகு மேலே ஆபீசுக்கு வந்து, வேலை போனால் போகட்டும் என்று அந்தக் கணக்கைப் புது மென்பொருளில் ஏற்றினாள். சுமை இறக்குபவருக்குக் கம்பெனி தர வேண்டியது எட்டு வருடக் கூலி. இன்றைய கூலி தனி.